அசையாப் பொருள்

திணைக்களப் படிவத்தில் இரண்டு நிரல்கள்:
அசையும் பொருள். அசையாப் பொருள்.
பழைய ஏழாம் வார்டைத் தொல்லியல் சின்னமாக்கப் போகிறார்கள்.
பதிவறை எழுதுவினைஞர் நான்,
கணக்கெடுப்பு என் தலையில்.

திலகசிரி ஐயா டோர்ச் அடித்து வளைவுகளைப் பார்த்தார்.
தேங்காயைச் சுண்டுவதுபோல்
செங்கல்லைச் சுண்டிக் காது கொடுத்தார்.
"முதல்ல கடற்படைக் கிடங்கு. கயிறு, பாய், தார்.
பிறகு காய்ச்சல் கண்ட மாலுமிகள்.
பிறகுதான் இவங்க."
இவங்க என்றபோது குரலைத் தாழ்த்தினார்,
ஆளில்லாத கூடத்தில்.

எழுதினேன்.
தேக்கு உத்தரம், பதினொன்று.
குளிர்நீர்த் தொட்டி, ஒன்று. உள்ளே தவளைகள்.
சுவரில் பதித்த இரும்பு வளையம், இருபத்தாறு.
எதைக் கட்ட என்று படிவம் கேட்கவில்லை.
வளையங்களின் கீழ்ப்பாதி மட்டும்
தேய்ந்து மினுங்கியது.

அலுமாரியின் அடித்தட்டில் பேரேடு.
கண்காணிப்பாளர் ஜொன்கிளாஸின் சாய்ந்த இங்கிலீசு,
அவருக்குப் பிறகு யாரோ ஒருவரின் குண்டுத் தமிழ்.
நோய்க் காரணம் என்ற நிரலில்
வெயில்.
கடல்.
எண்ணெய்த் தாங்கி எரிந்ததைப் பார்த்தது.
பிள்ளை இறந்தே பிறந்தது.
அதிகம் படித்தது.
எண்பத்து மூன்றில் ஒரு பக்கம், தொண்ணூறில் நாலு பக்கம்,
மேலிருந்து கீழே ஒரே சொல்:
மேற்படி, மேற்படி, மேற்படி.
எதன் மேற்படி என்று விரலால் ஏறிப் போனேன்.
முதல் வரியில் ஒன்றும் எழுதப்படவில்லை.

நீங்கிய விதம்:
குணம். மரணம். ரயிலேற்றி அங்கொடை.
அங்கொடை எங்களுக்கு ஊர்ப்பெயரல்ல, வசவு.
உனக்கு அங்கொடைக்கு டிக்கெட் எடுத்தாச்சு என்று
ஆறாம் வகுப்பில் ஒருத்தியைச் சொல்லியிருக்கிறேன்.
அவள் பெயர் மறந்துவிட்டது.
டிக்கெட் மறக்கவில்லை.

மதலேன், பாலையூற்று, வயது பத்தொன்பது.
குணம் என்று மையில் எழுதி, வெட்டி,
பக்கத்தில் பென்சிலால்:
அழைத்துப் போக ஆள் வரவில்லை.

பின்கட்டில் இருக்கிறா. எழுபத்தொன்று.
வார்டுச் சீலைகளைத் துவைத்து விரிப்பது அவதான்.
மான்கள் வந்து கொடியில் நுனி சப்பும்.
மாற்றலாகிப் போன டொக்டர்மாரின் பெயர்களை
அவற்றுக்கு வைத்திருக்கிறா,
பெயர் சொல்லித்தான் ஏசுவா.

"சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போறாங்களோ?"
இல்லை, சுரண்டப் போகிறார்கள், பழைய பூச்சுத் தெரிய.
"அப்ப கிழக்குச் சுவரில என்ர கப்பல் வரும்.
கவனமாச் சுரண்டச் சொல்லு.
ஆறு கீறினன். ஏழாவதுக்கு முதல் ஆணியைப் பறிச்சுப்போட்டாங்கள்."

படிவத்தைத் தலைகீழாகவே வாசித்தா.
"அசையும் எண்டால் என்ன, எழும்பி நடக்கிறதோ?"
எடுத்துப் போகக்கூடியது, என்றேன்.
கொஞ்சம் யோசித்தா.
"என்னை ஒருத்தரும் எடுத்துப் போகேல்லையே."
சொல்லிவிட்டுச் சிரித்தா. நான் சிரிக்கத் தெரியாமல்
பேனா மூடியைத் தேடினேன்.

அசையாப் பொருள், கடைசி வரி:
கிழக்குச் சுவர். கப்பல், ஆறு.
சுண்ணாம்பின் கீழ். இன்னும் பார்வையிடவில்லை.
ஆதாரம் என்ற கட்டத்துக்கு முழுப்பெயர் கேட்டேன்.
பேரேட்டில் இல்லாத தகப்பன் பெயரைச் சொன்னா,
எழுத்துக் கூட்டி, இரண்டு தரம்,
நான் எழுதி முடிக்கும்வரை என் கையைப் பார்த்தபடி.

பிறகு திடுக்கிட்டு எழும்பினா.
"டொக்டர் அருளம்பலம்! விடு சீலையை!"
கொம்பில் வெள்ளைத் துணி மாட்டியபடி
அது கடற்கரை வீதிப் பக்கம் ஓடியது.
அவ பின்னால் ஓடினா,
கேற் திறந்துதான் கிடந்தது,
கேற் வரைக்கும்.